பள்ளத்தில் எறிந்த செடி

அந்தோனிமுத்து யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கங்காணி நல்ல வார்த்தை பேசினால் நாளைக்கு ஏதோ மேல்வேலை வாங்கப் போகிறான் என்பார். துரை சிரித்தால் எந்த லயத்துக்குக் கேடு வருகிறதோ என்பார். மழை இருட்டிக்கொண்டு வந்தால்கூட, "இறங்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் அறுபது வயதுக்குள் ஒரே ஒருத்தனை நம்பினார். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு ரயில் இன்னும் வந்து சேராத காலம் அது. பசறைக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாகக் கட்டிய லயங்களில் கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அந்தோனிமுத்துவும் அவர் பெண்சாதி றோசாலியும் இருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. றோசாலி கொழுந்து எடுத்தாள். அந்தோனிமுத்துவுக்கு வயதாகிவிட்டதால் லயத்தைச் சுற்றியும் பாதையோரத்திலும் களை பிடுங்குகிற வேலை. அவர் கைபட்ட இடத்தில் ஒரு புல் நிற்காது. செடியைப் பார்த்துப் பிடுங்குகிறவர்கள் உண்டு; இவர் மோந்து பார்த்தே பிடுங்குவார். நாற்பது வருஷத்துக் கை, எந்தக் களை எப்படி நாறும் என்பது கைக்கே தெரியும்.

ஐப்பசி மழையில் றோசாலிக்குக் காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் படுத்தாள். தோட்டத்து மருந்தை அந்தோனிமுத்து தொடவிடவில்லை. பசறைக் கடைத்தெருவுக்கு வந்து போகிற நாட்டு வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த வைத்தியர் சிரிக்கவே மாட்டார். வந்ததும் வராததுமாக, "வாசல்ல என்ன இவ்வளவு சேறு? மனுஷன் இருக்கிற எடமா இது?" என்று திட்டினார். அந்தோனிமுத்துவுக்குப் பிடித்துவிட்டது. திட்டுகிறவன் ஏமாற்றமாட்டான் என்பது அவருடைய எண்ணம்.

கஷாயத்தில் காய்ச்சல் இறங்கியது. போகும்போது வைத்தியர் பத்தியம் சொன்னார்.

"புளிப்பு ஆகாது. கீரை ஆகாது. பழம் ஆகாது. பச்சையா எதுவும் பல்லுல படக்கூடாது. கஞ்சி, சுட்ட உப்பு, சுட்ட கருவாடு, வேணும்னா வெத்தில. அவ்வளவுதான். நான் திரும்பி வந்து கையைப் பிடிச்சுப் பார்த்துச் சொல்ற வரைக்கும் மாத்தக் கூடாது."

மகள் கல்யாணத்துக்கு என்று இந்தியாவில் இருக்கிற தன் ஊருக்குக் கப்பலேறின வைத்தியர் திரும்பி வரவே இல்லை.

கார்த்திகை போனது, மார்கழி போனது, தை போனது. றோசாலி கஞ்சியும் கருவாடும் தின்றுகொண்டிருந்தாள். எப்போதாவது, "ஏங்க, ஒரு துண்டு எலுமிச்சங்கா கடிச்சுக்கிறேனே" என்பாள்.

"வைத்தியர் சொல்லலியே."

"வைத்தியரே காணாமப் போயிட்டாரே."

"வருவாரு. வந்து கையைப் புடிச்சு, இவ பத்தியத்தை முறிச்சிட்டாளேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

ஒருத்தனையும் நம்பாதவன் ஒருத்தனை நம்பிவிட்டால் அப்படித்தான். நம்பிக்கை மொத்தமும் அந்த ஒரே ஆளின் தலையில் போய் விழுந்துவிடுகிறது.

தை மாதக் கடைசியில் றோசாலிக்கு மலை ஏறக் கால் வரவில்லை. கணைக்காலில் அடிபட்ட மாதிரி நீலம் நீலமாகத் தெரிந்தது. எங்கேயும் விழவில்லை என்றாள். நிறுவைக் கொட்டகையில் அவள் கூடையில்தான் கொழுந்து குறைவு. வயசாகிப் போச்சு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். வாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? லயத்துப் பொம்பளைகள் எல்லாருடைய வாயும் வெற்றிலைச் சிவப்பு. துப்பினால் தரை சிவக்கும். அவளுக்கே தெரியவில்லை.

நாற்பது நாள் விரதமான தபசு காலம் வந்தது. விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, இயேசு உயிர்த்த பாஸ்குப் பண்டிகை வரைக்கும் வெற்றிலை போடுவதில்லை என்று றோசாலி நேர்ந்துகொண்டாள். பழத்தையும் புளியையும் ஏற்கெனவே விட்டாயிற்று. விட அவளிடம் மிச்சம் இருந்தது அந்த வெற்றிலை ஒன்றுதான்.

நாலாம் நாள் காலையில் லயத்துப் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பினாள். கல்லில் சிவப்பாக ஓடியது.

பின்னால் குடத்தோடு நின்ற பக்கத்துக் காம்பராக்காரி சிரித்தாள். "நேர்ச்சை பண்ணினவ திருட்டுத்தனமாப் போடுறியா அக்கா?"

"போடலியே, ஆத்தா சத்தியமா" என்று சொல்லி றோசாலி மறுபடி கொப்பளித்தாள். மறுபடியும் சிவப்பு. அந்தப் பொம்பளை குடத்தை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அவள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி கங்காணி முருகையாவின் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் காம்பரா வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"என்ன அந்தோனி, ஒம் பொஞ்சாதி ரத்தம் துப்புறாளாமே?"

"ஒம் பொஞ்சாதி என்ன துப்புறான்னு நான் வந்து கேட்டேனா?"

"வாயை அடக்கு. ரத்தம் கக்கினா அது காசம். லயத்துல நூறு உசிரு இருக்கு. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை டாக்டர் வர்றாரு. பெரட்டு வரிசையில இவளைக் கொண்டாந்து நிறுத்து. காசம்னு எழுதினார்னா ஆஸ்பத்திரி. அப்புறம் கப்பல்தான், ஊருக்கு."

"எந்த ஊருக்கு? அங்க எங்களுக்கு எவன் இருக்கான்?"

"அதைக் கப்பல்காரன்கிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு முருகையா போய்விட்டான்.

றோசாலி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "என்னைத் தனியா ஏத்திடுவாங்களா, இல்ல உங்களையும் விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அந்தோனிமுத்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் தானாகவே அவளைத் தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அங்கே மருந்து கொடுக்கிறவர் எட்வர்ட்; பதுளை டவுன் ஆள், கிறிஸ்தவ வேதக்காரர், முப்பது வயது. வெள்ளைக் கால்சட்டைக்காரன் எவனையும் அந்தோனிமுத்துவுக்குப் பிடிக்காது. இந்த ஆள் வேறு வரும்போதே சிரித்தார். கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டே அந்தோனிமுத்து நின்றார்.

எட்வர்ட் றோசாலியை வெளிச்சத்தில் உட்காரவைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு பஞ்சு மாதிரி வீங்கி, கருஞ்சிவப்பாக இருந்தது. விரலால் தொட்டதும் ரத்தம் கசிந்தது. முன்பல் இரண்டு ஆடியது. சேலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கணைக்காலைப் பார்த்தார். முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"இருமல் இருக்காம்மா?"

"இல்லீங்க."

"ராத்திரியில காய்ச்சல், வேர்வை?"

"அது ஐப்பசியோட போச்சுங்க."

"என்ன சாப்பிடுறீங்க?"

அவள் சொன்னாள். எட்வர்ட் கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமாச்சுங்க."

"அஞ்சு மாசமா? யாரு சொன்னது?"

றோசாலி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரையைப் பார்த்தார்.

"இது காசமும் இல்ல, கீசமும் இல்ல" என்றார் எட்வர்ட். "கப்பல்காரங்களுக்கு வர்ற நோய். முந்தி மாசக்கணக்காக் கடல்ல போவாங்க. காய்கறி கெடையாது, பழம் கெடையாது, ரொட்டியும் உப்புக் கண்டமும்தான். ஈறு இப்படித்தான் வீங்கி ரத்தம் ஒழுகும்."

"நாங்க கப்பல்ல வந்து முப்பத்தெட்டு வருஷமாச்சுங்களே" என்றார் அந்தோனிமுத்து.

எட்வர்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கப்பலை நீ வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கியே பெரியவரே! பச்சைக்காய், பழம், கீரை இதுகள்ல ஒரு சத்து இருக்கு. ஒடம்பு அதைத் தானா உண்டாக்காது, நாமதான் திங்கணும். அதை அஞ்சு மாசம் நிறுத்தினா ஒடம்பு என்னத்தை வச்சு ஈறைத் தைக்கும்? காயம் ஆறாது, காலு தூக்காது, பசிக்காது. பத்தியத்தை இன்னைக்கே முறிச்சுடு. எலுமிச்சங்கா நல்லதுதான், ஆனா இந்தப் புண்ணு வாய்க்கு எரியும். கொய்யாவைக் கடிச்சாப் பல்லு கழண்டு வந்துடும். தக்காளி இருக்கே, அதுதான் இவங்களுக்குத் தோது. மெதுவா இருக்கும், கடிக்கவே வேணாம். நல்லாப் பழுத்ததா, வேகவைக்காம, ஒரு நாளைக்கு அஞ்சாறு குடு. கீரையும் சேத்துக்க."

"மருந்து?"

"அதுதான் மருந்து."

மருந்து கொடுக்காமல் பழம் தின்னச் சொல்கிறவன் என்ன மருந்துக்காரன்? அந்தோனிமுத்துவின் முகத்திலேயே அது எழுதியிருந்தது. "ரத்தம் ஒழுகுற வாய்க்கு ரத்தம் மாதிரி இருக்கிறதையே குடுக்கச் சொல்றீங்க. அது இன்னும் ஒழுகாதா?"

எட்வர்ட் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "என்னை நீ நம்பவேணாம். துணியை நம்பு. தினமும் விடிஞ்சதும் ஈறைத் துடைச்சுப் பாரு. டாக்டர் வர்றதுக்குள்ள செவப்பு கொறையலேன்னா, பெரட்டுலயே எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டு."

திட்டலாம் என்று அனுமதி கிடைத்தது அந்தோனிமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் தக்காளிக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் லயத்தில் எவரும் தக்காளி சமைத்ததில்லை. புளிப்புக்குப் புளி, இல்லாவிட்டால் கொறக்காய். தக்காளி துரைமார் தின்கிற சாமான். பசறையிலிருந்து எல்லாரும் 'நானா' என்று கூப்பிடுகிற இத்ரூஸ் என்கிற மரக்கறி வியாபாரி கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டை கொண்டுபோகிற மாதிரி பங்களாவுக்குக் கொண்டுபோவார். அந்தோனிமுத்து குறுக்குப் பாதை முடக்கில் காத்திருந்து அவரை மறித்தார்.

"நானா, கூடையில தக்காளி இருக்கா?"

இத்ரூஸ் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். "இருக்கு. ஆனா எண்ணி வச்சது. ஒண்ணு கொறைஞ்சாலும் பங்களாச் சமையல்கார அப்பு எண்ட கழுத்தை நெரிப்பான். ஒனக்கு என்னத்துக்கு அண்ணே தக்காளி? துரையோட விருந்தா?"

அந்தோனிமுத்து விஷயத்தைச் சொன்னார். சொல்ல ஆரம்பித்தவர் கப்பல் வரைக்கும் சொல்லிவிட்டார். இத்ரூஸின் முகத்தில் கேலி போய்விட்டது. வைக்கோலைக் கிளறி, காம்போடு வெடித்துப் போன ஒரு பழத்தை எடுத்தார்.

"இது ஒடைஞ்சது. பங்களாவுல எடுக்கமாட்டாங்க. புடி."

அந்தோனிமுத்து வாங்கினார். வாங்கின எதையும் மோந்து பார்ப்பது அவர் வழக்கம். பழத்தின் பச்சைக் காம்பை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி மோந்தார்.

"என்ன அண்ணே, அழுகினதெண்டு பாக்கிறியா? நல்ல சாமான்."

"இந்த நாத்தம் எனக்குத் தெரியும் நானா."

"தெரியுமா?"

"லயத்துக்குப் பின்னால, பங்களாச் சாக்கடைக் கானு வந்து விழுற எடத்துல மொளைச்சிருந்துச்சு. இலையைத் தொட்டா கையெல்லாம் இதே வாடை, பச்சைக் கறை. துரை வீட்டுக் குப்பையில வந்த விஷச் செடின்னு நான்தான்..."

"என்ன செஞ்ச?"

"புடுங்கினேன். கார்த்திகையிலேருந்து புடுங்கிப் புடுங்கிப் பள்ளத்துல எறிஞ்சேன்."

இத்ரூஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அல்லாவே! நான் பசறையிலேருந்து தலையில சுமந்து வாறதை நீ புடுங்கி வீசினியா? அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேளு. அது லேசுல சாகுற செடி இல்ல. ஈரத்துல கெடந்தா தண்டுலேயே வேர் விடும். போய்ப் பாரு."

அந்தோனிமுத்து அதை நம்பவில்லை. ஆனாலும் போனார்.

பள்ளம் செங்குத்தாக இறங்கியது. மண்வெட்டியை ஊன்றி ஊன்றி, அட்டைகளைக் காலிலிருந்து தட்டிவிட்டு இறங்கினார். நாலு மாத மழையில் கீழே எல்லாம் சதசதவென்று கிடந்தது. அவர் பிடுங்கி எறிந்த குப்பைமேட்டைப் பார்த்தார். பார்த்ததும் மண்வெட்டி கையை விட்டுப் போயிற்று.

எறிந்த செடிகள் படுத்தபடியே வேர் விட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் படர்ந்து, காடாகக் கிடந்தன. இலைக்கடியில் எல்லாம் பழம். சிறிசு, பெரிசு, குருவி கொத்தினது, வெடித்தது, இன்னும் பச்சையாக இருக்கிறது. நல்ல மண்ணில் நட்டு வளர்த்திருந்தால்கூட இப்படிக் காய்த்திருக்காது. அவர் தோளில் கிடந்த கம்பளியை விரித்துப் பறிக்க ஆரம்பித்தார். கையெல்லாம் அதே பச்சைக் கறை, அதே நாற்றம். அன்றைக்கு அவர் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

காம்பராவில் கம்பளியை அவிழ்த்ததும் றோசாலி வாயைப் பொத்திக்கொண்டாள். "இம்புட்டா!"

"தொடாதே. மொதல்ல நான் திங்கிறேன். நாளைக்கு விடியறப்ப நான் உசிரோட இருந்தா அப்புறம் நீ தின்னு."

ஒன்றைக் கழுவி வாயில் போட்டார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. அதுதான் சந்தேகமா இருக்கு."

"விஷமா இருந்தா ரெண்டு பேருமாச் சேந்தே திங்கலாமே. நீங்க மட்டும் எதுக்குத் தனியாப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு, அவர் தடுப்பதற்குள் ஒரு பழத்தை எடுத்து நசுக்கி உறிஞ்சினாள். புண்ணில் பட்டதும் கண்ணை இறுக்கி மூடினாள். தண்ணீர் வடிந்தது.

"எரியுதா? துப்பு, துப்பிடு!"

அவள் தலையை ஆட்டினாள். விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "புளிக்குதுங்க. அஞ்சு மாசத்துக்கப்புறம் நாக்குல ஏதோ ஒண்ணு தெரியுது."

விடிந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். துணியில் சிவப்பு அப்படியே இருந்தது. அந்தோனிமுத்து துணியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. நம்பவில்லை, சூரியன்தான் வேறு பக்கம் இருக்கிறது என்றார். நாலாம் நாள் இன்னும் வெளுத்தது. ஐந்தாம் நாள் காலையில் துணி முழுக்கச் சிவப்பு.

அவ்வளவுதான். அந்தோனிமுத்து பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "அந்தக் கால்சட்டைக்காரன் பேச்சைக் கேட்டேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இப்பவே கொண்டுபோய் அவன் தலையிலேயே கொட்டுறேன்!"

"இருங்க, இருங்க" என்று றோசாலி சேலையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். வாசற்படி ஏறவே சுவரைப் பிடிக்கிறவள் ஓடி வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "அந்தத் துணியை இன்னொருவாட்டி பாருங்க."

பார்த்தார். சிவப்பின் நடுவில் மஞ்சளாக ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோழி கூவுறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுச்சு. ஒரே பசி. ரெண்டு தின்னுட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

அந்தோனிமுத்து கூடையை மெதுவாக இறக்கினார். "பசிச்சுதா?"

"ஆமாங்க."

"ஒனக்கா?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

காய்ச்சலுக்குப் பிறகு பசி என்கிற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அந்த விதையைச் சுரண்டி எடுத்து, கூரை ஓலையில் செருகிவைத்தார். "இனிமே மொதல்ல துணி, அப்புறந்தான் பழம்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

டாக்டர் வந்த சனிக்கிழமை பெரட்டுக் களத்தில் றோசாலி மூன்றாவது ஆளாக நின்றாள். முருகையா துண்டோடு தள்ளியே நின்றான். டாக்டர் வயசானவர். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்து வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். அந்தோனிமுத்து தொப்பி இல்லாத தலையில் எதையோ கழற்றப் போகிறவர் மாதிரி கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீர்.

டாக்டர் எட்வர்டிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். எட்வர்ட் பதில் சொன்னதும் கிழட்டு டாக்டர் அந்தோனிமுத்துவை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்காம்" என்றார் எட்வர்ட். "ஈறுதான், அதுவும் ஆறிக்கிட்டு வருதாம். காலு முழுசாத் தேற இன்னும் ஒரு மாசம் பிடிக்கும். பழத்தை விட்டுடாதே."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். கப்பல் ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போயிற்று.

முருகையா மெதுவாக வந்து, "என்ன வைத்தியம் பண்ணின அந்தோனி?" என்றான்.

"நீ சொன்னதை நம்பல. அதுதான் வைத்தியம்."

எட்வர்ட் காதில் விழுகிற தூரத்தில்தான் நின்றார். "என்ன பெரியவரே, இன்னைக்கு என்னைத் திட்டுறதா இருந்துச்சே?"

அந்தோனிமுத்து யோசித்தார். "சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க. அதைக் கொறைங்க, மனுஷன் பயந்துபோறான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் நன்றி வராது. எட்வர்டுக்கும் அது புரிந்தது.

அடுத்த வாரம் பள்ளத்திலிருந்து பன்னிரண்டு செடிகளை வேரோடு பெயர்த்து வந்து, தான் பிடுங்கின அதே கானோரத்தில் நட்டார். முருகையா அந்தப் பக்கம் வந்தவன், "என்னய்யா, ஒன் எடத்துலயே களை நிக்குது?" என்று கேட்டான். "தொட்டுப் பாரு" என்றார் அந்தோனிமுத்து. அவன் தொடவில்லை. ஒரு மாதம் கழித்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்ற அந்தப் பக்கத்துக் காம்பராக்காரியே வந்து இரண்டு பழம் கேட்டாள். றோசாலி நாலு கொடுத்தாள்.

அதற்கு முன்னாலேயே பாஸ்குப் பண்டிகை வந்துவிட்டது. பூசை முடிந்து வந்ததும் றோசாலி மாடக்குழியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தாள். நாற்பது நாளும் அதை அவள் தொடவில்லை. துடைத்து, திறந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். அந்தோனிமுத்து எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"வேணாம்."

"நேர்ச்சை முடிஞ்சிடுச்சுங்க."

"முடியட்டும். வெத்தில போட்டா வாயெல்லாம் செவக்கும். அப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

றோசாலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த முன்பல் இரண்டும் இப்போது அழுத்தமாக நின்றன. "அப்ப ஒண்ணு செய்வோம். தினமும் காலையில துணியைத் துடைச்சு உங்க கையில குடுத்துடறேன். நீங்க பாத்து, சரின்னு சொன்னப்புறம் போட்டுக்கிறேன்."

"நல்லாத் துடைப்பியா?"

"துடைப்பேன்."

"பழம் தின்னுட்டுத் துடைக்கக் கூடாது."

"மாட்டேன்."

அந்தோனிமுத்து அவள் கையை விட்டார். பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் மடித்த வெற்றிலையில் பாதியைத் தனக்கென்று கிள்ளி எடுத்துக்கொண்டார்.